தலையில் ஏறாது என்னும் தீர்ப்பு

ஆசிரியர் அறையிலே அடிக்கடி கேட்கும் வாக்கியங்களுள் ஒன்று, “அவனுடைய மண்டையில் ஒன்றும் ஏறாது” என்பது. இவ்வாக்கியத்தை நாமும் சொல்லியிருக்கிறோம். அறையில் மட்டுமன்று, வகுப்பிலே, நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தோம். அவ்வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். விடியுமுன் எழுந்து தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, உப்புக் காய்ந்த கால்களோடு பாடசாலைக்கு வருபவன். முதற் பாடத்திலேயே அவனுக்குக் கண் சொருகிவிடும். தேமா, புளிமா என்னும் வாய்பாடு ஒரு தவணை முழுவதும் அவனுக்குப் பாடமாகவில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, “உன்ரை மண்டையில ஒண்டும் ஏறாதடா” என்று கூறிவிட்டோம். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வரவில்லை.

அன்று நாம் கூறியது வெறும் வசைச்சொல் அன்று. கூர்ந்து நோக்கின், அது மூளை என்னும் பொருளின் இயல்பைப் பற்றிய ஒரு கூற்று. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்புமாகும். எனவே அதனை இரண்டு கேள்விகளுக்கு உட்படுத்துதல் வேண்டும். ஒன்று, அக்கூற்று உண்மையா? மற்றது, உண்மையோ பொய்யோ, அத்தீர்ப்பை வழங்க நமக்கு உரிமை உண்டா? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் குழப்பத்தையும் இக்கட்டுரையின் முடிவில் நோக்குவோம்.

நம் முன்னோர் இவ்விடயத்துக்கு ஒரு சொல் வைத்திருந்தனர்: தலையெழுத்து. பிறக்கும்போதே மண்டையோட்டில் எழுதப்பட்டது, அழித்து எழுத முடியாதது என்பது அதன் பொருள். இன்று தலையெழுத்தை நம்புவதாகச் சொல்ல நம்மிற் பலர் நாணுவர். ஆனால் அதே கருத்து வேறு உடை உடுத்து வந்தால் வரவேற்று இருக்கை கொடுக்கிறோம். “பரம்பரை அப்படி”, “பிறவி மந்தம்”, “நுண்ணறிவு ஈவு குறைவு” என்று கூறும்போது நம்மை விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர்களாகவே எண்ணிக்கொள்கிறோம். எழுதியவன் மாறினான்; எழுத்து மட்டும் மாறாதது என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. விஞ்ஞானம் உண்மையில் என்ன கூறுகிறது என்பதை அறிய, மூளைக்குள்ளேயே சற்றுச் சென்று பார்த்தல் வேண்டும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஒரு கலம் மற்றொன்றோடு ஒட்டிக் கிடப்பதன்று. செய்தி கொண்டுவரும் கலத்துக்கும் அதைப் பெறும் கலத்துக்கும் இடையே, ஒரு மில்லிமீற்றரை ஐம்பதினாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறளவான இடைவெளி உண்டு. இத்தகைய சந்திப்புக்கு 1897இல் ஆங்கில உடற்றொழிலியலறிஞர் ஷெரிங்டன் சினாப்சு என்று பெயரிட்டார். நாம் நரம்பிணைப்பு என்போம். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1894இல் லண்டன் ரோயல் சங்கத்தில் உரையாற்றிய ஸ்பானிய விஞ்ஞானி ரமோன் இ கஹால், அறிவுப் பயிற்சியினால் நரம்புக்கலங்களின் தொடர்புகள் வளர்ச்சியும் வலுவும் பெறக்கூடும் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அன்று அது நிறுவ வழியற்ற ஓர் ஊகம்.

அவ்வூகத்துக்குத் தெளிந்த வடிவம் கொடுத்தவர் கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்ட் ஹெப். ஒரு கலம் மற்றொன்றைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்குகொள்ளுமாயின், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொடர்பு உறுதிப்படும் என்பது 1949இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்து. ஆசிரியராகிய நாம் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹெப் அவர்கள் புகழ்பெறுவதற்கு முன்னர், 1930ஐ அடுத்த ஆண்டுகளில், மொன்றியல் நகர்ப்புறத்திலே தொல்லைகள் மலிந்த ஓர் ஆரம்பப் பாடசாலையின் தலைமை ஆசிரியராக இருந்தவர். குழப்படி செய்யும் பிள்ளைக்கு அவர் விதித்த தண்டனை, வகுப்பை விட்டு வெளியே சென்று விளையாடுவது! படிப்பு தண்டனையன்று, பெறவேண்டிய பேறு என்பதைப் பிள்ளைகள் உணரவேண்டும் என்று அவர் கருதினார். மூளையைப் பற்றிச் சிந்தித்த அம்மனிதர், முதலில் வகுப்பறையைப் பற்றிச் சிந்தித்தவர்.

ஹெப் கூறியது நிகழக்கூடியதே என்பதற்கு ஆய்வுகூடச் சான்று 1973இல் வெளியாயிற்று. ஒஸ்லோ நகரில் பிளிஸ், லோமோ என்னும் இருவர் முயலின் மூளையிலே, நினைவோடு நெருங்கிய தொடர்புடைய ஹிப்போகம்பசு என்னும் பகுதியை ஆராய்ந்தனர். நரம்பிழைகளுக்குச் சில நொடிகள் விரைவான மின்தூண்டல் கொடுத்தபோது, அவற்றின் இணைப்புகள் வலுப்பெற்றன. அவ்வலு மணிக்கணக்கில் நீடித்தது. இதனை நீடித்த வலுவேற்றம் எனலாம். ஆனால் வலுப்பெற்றது எது? இணைப்பில் எந்தப் பொருள் மாறிற்று? இக்கேள்விக்கு விடை காண மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

செய்தி கொண்டுவரும் கலம், இடைவெளியில் குளுட்டமேற்று என்னும் இரசாயனப் பொருளைச் சொரிகிறது. எதிர்க்கரையில் அதனை ஏற்பதற்கென மென்சவ்விலே பதிந்த புரதங்கள் உள்ளன. அவற்றை வாங்கிகள் என்பர். குளுட்டமேற்று வந்து தொட்டதும் அம்பா வாங்கி என்னும் வகை தன் கதவைத் திறக்கும், சோடியம் அயன்கள் உட்புகும், செய்தி கேட்கப்படும். எத்தனை அம்பா வாங்கிகள் அந்த இடத்தில் நிற்கின்றனவோ அத்தனைக்குச் செய்தி உரத்துக் கேட்கும். என்எம்டிஏ வாங்கி என்னும் மற்றொரு வகையின் வாயிலை மக்னீசியம் அயன் ஒன்று அடைத்து நிற்கும். எதிர்ப்புறத்திலிருந்து செய்தி வருவதோடு, பெறும் கலமும் அதே வேளையில் போதிய அளவு தூண்டப்பட்டிருந்தால் மட்டுமே அவ்வடைப்பு விலகும். அப்போது கல்சியம் உட்புகுந்து மாற்றங்களைத் தொடக்கிவைக்கும். ஹெப் கூறிய உடனிகழ்ச்சிக்கு உரிய பூட்டும் திறப்பும் இதுவே.

வாங்கிகள் சுவரில் அறைந்த ஆணிகள்போல் ஓரிடத்தில் நிலைத்திருப்பவை என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. 1995இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வியத்தகு செய்தி ஒன்றை அறிவித்தன. சில இணைப்புகளில் என்எம்டிஏ வாங்கிகள் தொழிற்படுகின்றன. தொழிற்படும் அம்பா வாங்கிகளின் அடையாளமே இல்லை. ஓய்ந்திருக்கும் கலத்தில் இவ்விணைப்புகள் வழியாக எதுவும் கேட்காது. அவற்றை மௌன இணைப்புகள் என்று அழைத்தனர். தகுந்த தூண்டலை உடனிகழக் கொடுத்தபோது அதே இணைப்புகள் பேசத் தொடங்கின. மௌனமாயிருந்தது மரித்துப்போனதன்று, வேண்டிய வாங்கி வந்து சேராத இடம் அது. 1999இல், ஒளிரும் புரதத்தை அம்பா வாங்கியோடு பிணைத்து, தூண்டலின் பின் அவை இணைப்பை நோக்கி வந்து சேர்வதைக் கண்ணாலேயே கண்டனர்.

பின்னர் 2002இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் டானியல் ஷொக்கே என்பாரின் குழுவினர், மிக நுண்ணிய மணிகளை வாங்கிகளோடு கோத்து அவற்றின் போக்கைப் பின்தொடர்ந்தனர். வாங்கிகள் மென்சவ்வின்மேல் ஓயாது உலாவுகின்றன, ஓரிடத்தில் தரிக்கின்றன, மீண்டும் புறப்படுகின்றன. கல்சியம் பெருகும்போது அவற்றின் ஓட்டம் தடைப்பட்டு நின்றுவிடுகின்றன. இணைப்பிலே தாங்கு புரதங்கள் உள்ளன; அவை உலாவி வரும் வாங்கியைப் பற்றி நிறுத்துகின்றன. கலத்தின் உள்ளிருந்து புதியன மேற்பரப்புக்கு வருகின்றன; பழையன உள்ளே இழுக்கப்படுகின்றன. இவ்வாறு வந்து தரிப்பவை மிகுந்தால் இணைப்பு வலுக்கிறது. விலகுபவை மிகுந்தால் மெலிகிறது.

இவ்விடத்தில் அம்மாணவனின் கரைவலையை நினைவு கூர்வோம். வலையின் கயிற்றைப் பற்றி இழுப்பவர் கரையேறிப் பின்னே நகர்ந்துகொண்டே போவர். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு, நீர் விளிம்புக்கு இறங்கிவந்து மீண்டும் முன்னே பற்றுவார். கரையில் உலாவுவோர் சிலர் குரல் கேட்டு வந்து கை கொடுப்பர், களைத்தவர் விலகுவர். எந்தக் கையும் கயிற்றில் நிலையாக இல்லை. ஆயினும் கயிறு ஒரு கணமும் கைவிடப்படுவதில்லை. எத்தனை கைகள் பற்றியிருக்கின்றன என்பதே இழுவையின் வலு. இன்று இயந்திரம் கொண்டு இழுக்கும் கரைகளும் உண்டு. ஆனால் கையால் இழுப்பதைக் கண்டவர்க்கு நரம்பிணைப்பை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ஒருமுறை தூண்டப்பட்ட அம்பா வாங்கி சிறுபொழுது சோர்ந்து கிடக்கும். அது விலகிப் புதியது வந்து நிற்பதனால் இணைப்பு விரைவில் மீண்டும் செவிகொடுக்கிறது என்பதை அதே போர்தோக் குழுவினர் 2008இல் காட்டினர். களைத்த கை விலகப் புதிய கை பற்றுவதும் இதுவே.

இவ்வசைவு கற்றலுக்கு இன்றியமையாததா, அன்றி வெறும் உடன்வரும் நிகழ்ச்சியா? 2017இல் வெளியான ஆய்வொன்று இதனைச் சோதித்தது. எலிகளின் ஹிப்போகம்பசில் அம்பா வாங்கிகளைப் பிறபொருளெதிரிகளால் ஒன்றோடொன்று பிணைத்து, அவை உலாவாதபடி செய்தனர். வாங்கிகள் இருந்தன, உலாவ மட்டும் முடியவில்லை. வலுவேற்றம் குன்றியது, எலிகளின் கற்றலும் குன்றியது. அசைவைத் தடுத்தால் கற்றல் தடைப்படுகிறது.

இங்கே ஒரு பழைய தத்துவக் கேள்வி புதிய வடிவில் எழுகிறது. மூளையிலுள்ள புரதங்களிற் பெரும்பாலானவை நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து, புதியன அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. ஆனால் சிறுவயதிற் கண்ட ஒரு முகம் முதுமைவரை நினைவில் நிற்கிறது. பொருள் போய்விட, நினைவு எவ்வாறு தங்குகிறது? 1984இல் பிரான்சிஸ் கிரிக் இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பினார். முழுமையான விடையை விஞ்ஞானிகள் இன்னும் தேடுகின்றனர். ஆயினும் விடை எத்திசையில் இராது என்பது தெளிவு. நினைவு கல்லிற் பொறித்த எழுத்தன்று. நிலைத்திருப்பது என்று நாம் காண்பது, இடையறாத அசைவினாலும் மாற்றீட்டினாலும் பேணப்படும் ஒரு நிலை. மாறாமை என்பது மாற்றத்தின் எதிரியன்று. ஓயாத மாற்றத்தின் விளைவு.

இவ்விதழின் வாசகருட் பலர் இதனைக் கேட்டு மகிழ்வர்; “இயக்கவியல் கூறுவதும் இதுதானே” என்பர். நமக்கும் அம்மகிழ்ச்சி உண்டு. ஆனால் மகிழ்ச்சி சான்றாகாது. முன்னரே நம்பிய கோட்பாட்டுக்கு ஆதரவு தேடி ஆய்வுகூடத்தின் கதவைத் தட்டுவதனால் வரும் கேட்டை முற்போக்காளர் வரலாற்றிலேயே கண்டிருக்கிறோம். சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை 1948இல் அரசின் ஆதரவோடு முடிசூட்டப்பட்டது. மரபியல் ஒடுக்கப்பட்டது. மாபெரும் தாவரவியலறிஞர் வவிலோவ் அதற்கு முன்பே 1943இல் சிறையில் மாண்டிருந்தார். மனிதன் மாறக்கூடியவன் என்று நாம் விரும்புவதனால் அவன் மாறக்கூடியவன் ஆகிவிடமாட்டான். வாங்கிகள் அசைகின்றன என்று நாம் கூறுவது, அவற்றைப் பின்தொடர்ந்து கண்டவர்கள் இருப்பதனாலேயே.

ஆகவே அளவோடு பேசுவோம். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் ஒரே வேகத்திற் கற்பர் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. எலியின் மூளையிலிருந்து மாணவனின் வினாத்தாளுக்கு நேர்வழி இல்லை. பிறப்பிலே வரும் வேறுபாடுகள் உண்டு. நோயும் பசியும் உறக்கமின்மையும் விளைக்கும் குறைகள் உண்டு. இணைப்பு நெகிழ்வதற்கும் எல்லைகள் உண்டு. ஆனால் “ஒன்றும் ஏறாது” என்பது வேறுபாட்டைப் பற்றிய கூற்றன்று. அசைவே இல்லை என்னும் கூற்று. உயிருள்ள மூளையைக் குறித்து அவ்வாறு கூறுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முதற் கேள்விக்கு விடை இது: அக்கூற்று பொய்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. ஒருவேளை விஞ்ஞானம் மறுதலையாகக் கூறியிருந்தால்? வாங்கிகள் ஆணிகளே, மூளை களிமண்ணே என்று நிறுவப்பட்டிருந்தால், அப்பிள்ளையைக் கைவிட நமக்கு உரிமை கிடைத்திருக்குமா? கிடைத்திராது. ஒரு பிள்ளைக்குக் கல்வி பெறும் உரிமை அவனுடைய நரம்பிணைப்பின் வலுவிலிருந்து வருவதன்று. அவன் நம்மிடையே பிறந்த மனிதன் என்பதிலிருந்து வருவது. உள்ளது எது என்று கூறுவது விஞ்ஞானம். செய்யத்தக்கது எது என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும். விஞ்ஞானம் நமக்குக் கடமையைத் தரவில்லை. கடமையிலிருந்து தப்புவதற்கு நாம் கைக்கொண்ட சாட்டைப் பறித்துவிட்டது. அவ்வளவே. அவ்வளவும் பெரிது.

இவ்விரு கேள்விகளையும் குழப்புவோர், மூளை நெகிழ்வுடையது என்ற உண்மையையே ஏழையின்மேல் எறியும் கல்லாக்குவர். “மூளை மாறக்கூடியதாயின், மாறாதது உன் குற்றம், முயற்சி போதாது” என்பர். மூளைப் பயிற்சி என்று பெயரிட்டுக் காசுக்கு விற்பனை செய்வோரும் இதையே வேறு குரலிற் கூறுகின்றனர். தலையெழுத்து என்று கூறியவர் குற்றத்தை விதியின்மேற் சுமத்தினர். இவர்கள் பிள்ளையின்மேற் சுமத்துகின்றனர். வறுமையும், நீண்ட உழைப்பும், ஆசிரியரின்றிக் கிடக்கும் வகுப்பறையும் இரண்டு கணக்கிலும் இடம்பெறுவதில்லை. விடியுமுன் வலையிழுத்த பிள்ளை வகுப்பில் உறங்குவது அவனுடைய மூளையின் குறையன்று. கற்றது நினைவில் ஊன்றுவதற்கும் உறக்கம் வேண்டும். அவ்வுறக்கத்தை அவனுக்கு மறுத்தது யார் என்று கேட்பதே நேர்மை.

மேலும் ஒன்று. நெகிழ்வு என்பது தன்னளவில் நன்மையன்று. 2017ஆம் ஆண்டின் அச்சோதனையில் எலிகள் எதனைக் கற்றன என்பதை நாம் இன்னும் கூறவில்லை. அவை கற்றது அச்சம். ஒரு கூண்டில் வைத்து மின்னதிர்ச்சி கொடுத்தால், மறுமுறை அக்கூண்டைக் கண்டதுமே எலி உறைந்து நிற்கும். அச்சத்தை ஏற்படுத்திய இடத்தை அது கற்றுக்கொண்டது. அப்பாடத்துக்கும் வாங்கிகளின் அசைவு வேண்டியிருந்தது. இதனை வாசித்தபோது பிரம்பு நம் நினைவுக்கு வந்தது. பிரம்பிலும் கூரிய சொல்லும் நினைவுக்கு வந்தது. அடிபடும் பிள்ளையும் அவமானப்படும் பிள்ளையும் கற்காமல் இருப்பதில்லை. அவர்கள் கற்பது நாம் கற்பிக்க நினைத்ததை அன்று. அறையையும் முகத்தையும் குரலையும் கற்கின்றனர்.

சென்ற ஆண்டு அக்கிராமத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவருள் அவனும் இருந்தான், இப்போது இளைஞன். நம்மைக் கண்டதும் கயிற்றை மற்றொருவன் கையில் விட்டு ஓடிவந்து நலம் விசாரித்தான். தன் தம்பி ஆறாம் வகுப்பிற் படிக்கிறான் என்றான். “அவனுக்கு ஏறும் சேர். எனக்குத்தான் ஏறாதே, நீங்களே சொன்னனீங்கள்தானே” என்று சிரித்தான். அச்சிரிப்பிலே கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு தவணை முழுவதும் நாம் கற்பித்த வாய்பாடு அவனிடம் தங்கவில்லை. ஒரே ஒருமுறை கூறிய அவ்வாக்கியம், இத்தனை ஆண்டுகளாக, ஒரு சொல்லும் பிசகாமல் தங்கியிருக்கிறது. ஒன்றும் ஏறாத மண்டை என்று நாம் கூறிய அம்மண்டையில், அக்கூற்றே ஏறி அமர்ந்துவிட்டது. அவன் நம்மிடம் நன்றாகக் கற்ற பாடம், தன்னாற் கற்க முடியாது என்பது.

அன்று சொன்னது பிழை, அறியாமற் சொன்னது என்று அவனிடம் கூறினோம். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், நம்பியதாகத் தெரியவில்லை. கரையிலிருந்து குரல் வந்ததும் கயிற்றுக்குத் திரும்பிப் போனான். பல ஆண்டு பேணப்பட்ட ஒரு நினைவை ஒரு வார்த்தையால் மாற்ற முடியாது என்பதையும் இவ்விஞ்ஞானமே நமக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது. ஆனால் மாற்றவே முடியாது என்று அது சொல்லவில்லை. மீண்டும் போகவேண்டும், மீண்டும் பேசவேண்டும்.

ஆசிரிய நண்பர்களிடமும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவரிடமும் நாம் வேண்டுவது இதுவே. அடுத்த முறை “அவனுடைய மண்டையில் ஏறாது” என்னும் வாக்கியம் நாவில் வரும்போது, அதனைக் கேள்வியாக மாற்றிக்கொள்வோம். எத்தனை வழிகளிற் சொல்லிக் கொடுத்தோம்? அவன் காலையில் உண்டானா? இரவில் உறங்கினானா? இதற்குமுன் நம்மிடம் அவன் எதைக் கற்றிருக்கிறான்? விடை கிடைக்கும்வரை தீர்ப்பை ஒத்திவைப்போம். அப்பிள்ளையின் மூளையில் வாங்கிகள் அந்நேரமும் உலாவிக்கொண்டிருக்கின்றன. எங்கே தரிப்பது என்பதிலே நம் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.